ரிம் பளபளக்கும், காப்பாற்றுவது இறப்பர்தான்

சாமான் வாங்கும் விடயத்தில் எங்கள் வியாபாரிகளை ஏமாற்றுவது இலேசான வேலையல்ல. அரிசிக் கடைக்காரர் மூட்டைக்குள் கையை விட்டு நான்கு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பார். புடவைக் கடைக்காரர் துணியை வெளிச்சத்தில் பிடித்து நெசவைப் பார்ப்பார். நான் மாவனல்லையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன். லொறியில் சீமெந்து வந்து நின்றால் முதலில் மூட்டையில் அச்சடித்திருக்கும் திகதியைத்தான் பார்ப்பேன். மூன்று மாதம் கடந்திருந்தால் இறக்க விடமாட்டேன். மூட்டை புதிது போல இருக்கலாம், உள்ளே இருப்பது கட்டிதட்ட ஆரம்பித்திருக்கும். இது முப்பது வருடமாக நான் கற்ற பாடம்.

அப்படிப்பட்ட நான், ஒரு காலத்தில் பத்து வருடப் பழைய டயரில் என் மகனையும் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவ மலையில் கார் ஓடினேன். திகதி டயரிலேயே எழுதியிருந்தது. நான் பார்க்கவில்லை. அதனால்தான் இந்த வாரம் டயரையும் ரிம்மையும் பற்றி எழுதுகின்றேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆனால் வாசித்து முடித்துவிட்டு, வாசலில் நிற்கும் உங்கள் வாகனத்தருகே ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

2018 இல் நடந்த கதை அது. மகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வீட்டில் இருந்தது ஜப்பான் தயாரிப்பு செடான் கார். அதன் 15 அங்குல ரிம் அவனுக்குப் பிடிக்கவில்லை. கொழும்புக்குப் போனவன் 17 அங்குல அலோய் ரிம் நான்கும் அவற்றில் ஏற்றிய டயர் நான்கும் சேர்த்து ஒரு செட்டாக வாங்கிப் பூட்டிக்கொண்டு வந்தான். "வாப்பா, இப்பதான் காரைப் பார்த்தா கார் மாதிரி இருக்கு" என்றான். உண்மைதான். நானும் சுற்றி வந்து பார்த்தேன். ரிம் கண்ணாடி போல மின்னியது. டயரில் வெட்டு ஆழமாக இருந்தது. "ஜப்பானில் பாவித்தது, தொண்ணூறு வீதம் இருக்கு" என்று கடைக்காரர் சொன்னாராம். விலையைக் கேட்டேன். ஒரு செட்டுக்கு அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

இரண்டு வாரத்துக்குள் முதல் அறிகுறி வந்தது. ரயில் கடவை ஒன்றைக் கடக்கும்போது 'டங்' என்று ஒரு சத்தம். முன்பக்க ரிம் ஒன்று வளைந்துவிட்டது. தட்டி நிமிர்த்திக்கொண்டோம். அதை ஒரு பாடமாக நான் எடுக்கவில்லை.

இரண்டாவது, ஜூன் மாத மழையில். கண்டிக்குப் போய்ச் சேரவேண்டிய அவசரம். மகன் ஓட்டினான். கடுகண்ணாவ ஏற்றத்தில் ஒரு வளைவில் எதிரே பஸ் ஒன்று எங்கள் பக்கமாக ஏறி வந்தது. மகன் பிரேக்கை மிதித்தான். வேகம் அதிகமில்லை. ஆனால் கார் நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. சவர்க்காரத்தில் வைத்தது போல அப்படியே சறுக்கிக்கொண்டு போனது. அல்லாஹ்வின் அருளால் பள்ளத்துப் பக்கம் போகவில்லை, மலையை வெட்டிய பக்கத்தில் மண்மேட்டில் போய் முட்டி நின்றது. முன் பம்பரும் ஒரு லைட்டும் போயின. எங்கள் இருவருக்கும் ஒரு கீறலுமில்லை. மகனின் கை மட்டும் ஸ்டீயரிங்கை விட மறுத்துக்கொண்டு நடுங்கியது.

"தம்பி வேகமாக வந்திருப்பார்" என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் அவனைத் திட்டினேன். அவனது தவறு அல்ல என்பதை எனக்குக் காட்டித் தந்தவர் ஒரு டயர் கடையின் வயதான பாஸ். அவர் காரைச் சுற்றி வரவில்லை, ரிம்மைப் பார்க்கவில்லை. ஒரு டயரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விரலால் சேற்றைத் துடைத்தார். "முதலாளி, இதை வாசியுங்கள்" என்றார். 'டொட்' என்ற எழுத்துகளோடு ஆரம்பிக்கும் ஒரு வரி. அதன் முடிவில் நான்கு இலக்கங்கள்: 2308. முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். அதாவது 2008 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம்.

பத்து வருடம். அந்த டயர் செய்யப்பட்டபோது என் மகன் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். இந்த நாட்டில் அதிவேகப் பாதை என்று ஒன்று அப்போது திறக்கப்பட்டிருக்கவில்லை. பாஸ் தன் நகத்தால் இறப்பரை அழுத்திக் காட்டினார். நகம் இறங்கவில்லை. பக்கத்தில் இருந்த புது டயரில் அழுத்தச் சொன்னார். நகத்தடம் விழுந்து மெதுவாக மறைந்தது. நான் சீமெந்து மூட்டையை நினைத்தேன். திகதி பார்க்காமல் இறக்கியவன் நான்தான்.

இறப்பர் எங்களுக்குப் புதிய பொருளல்ல. 1876 இல் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நட்ட கன்றுகளோடு இந்த நாட்டுக்கு வந்த மரம் அது. எங்கள் கேகாலை மாவட்டத்தில் இறப்பர் தோட்டத்தைக் கடக்காமல் ஒரு பயணம் போக முடியாது. பால் வெட்டுபவரிடம் கேட்டாலே சொல்வார், இறப்பர் காற்றும் வெயிலும் பட்டுப் பட்டு இறுகும் பொருள் என்று. காரின் டயரில் ஓடும் மேற்பகுதி பெரும்பாலும் செயற்கை இறப்பர்தான். ஆனாலும் அந்தக் குணம் அதற்கும் உண்டு. ஓடாமல் கிடந்தாலும் வயது ஏறும். வெட்டு ஆழமாக இருப்பது தண்ணீர் வெளியேற உதவும். ஆனால் ஈரமான தார்ப்பாதையைப் பிடித்துக்கொள்வது இறப்பரின் மென்மை. பழைய டயரில் முன்னது இருக்கும், பின்னது இருக்காது. பார்வைக்கு நல்ல டயர், பிரேக் பிடித்தால் மரக்கட்டை.

டயர் கம்பனிகள் பலவும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் செய்து பத்து வருடம் கடந்த டயரைப் பாவிக்க வேண்டாம் என்றும், ஐந்து வருடத்துக்குப் பின் வருடந்தோறும் காட்டிப் பரிசோதிக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. சில கார் கம்பனிகள் ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்கின்றன. எங்கள் வெப்பத்துக்கு நான் ஆறையே பிடித்துக்கொள்கின்றேன். வாங்கும்போது இரண்டு வருடத்துக்கு மேற்பட்டதைத் தொடமாட்டேன்.

சரி, பழைய டயர் கூடாது. அப்படியென்றால் மகன் ஆசைப்பட்டது முழுவதும் பிழையா? இல்லை. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நல்ல 'பெர்ஃபோமன்ஸ்' டயர் என்பது வெறும் அலங்காரமல்ல. பக்கச் சுவர் குட்டையாகவும் உறுதியாகவும் இருப்பதால் ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் கார் கேட்கும். வளைவில் சாயாது. நல்ல கலவையில் செய்த டயர் ஈரத்தில் கெதியாக நிற்கும். 1992 இல் மிஷெலின் கம்பனி டயர்க் கலவையில் சிலிக்கா சேர்த்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டயர் உருளும் தடையைக் குறைத்துக்கொண்டே ஈரப் பிடிப்பையும் காப்பாற்றலாம் என்று அது காட்டியது. இன்று நல்ல டயர்கள் பலவற்றில் அது இருக்கின்றது. மழை நாடு எங்கள் நாடு. ஆகவே நல்ல டயர் வேண்டும் என்று கேட்பது ஆடம்பரமல்ல, தேவை.

பிழை எங்கே என்றால், காசு போன இடத்தில். மகன் கொடுத்த பணத்தில் முக்கால்வாசி ரிம்முக்குப் போனது. டயருக்குப் போனது மிச்சமிருந்த கால்வாசி. பாதையைத் தொடாத பொருளுக்குப் பெரிய தொகை, பாதையைத் தொடும் ஒரே பொருளுக்குச் சில்லறை. காரின் ஒவ்வொரு டயரும் நிலத்தைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவு இடத்தில்தான். நான்கு உள்ளங்கை. அதற்கு மேலே எஞ்சின், பிரேக், ஏர்பேக், நீங்கள், உங்கள் பிள்ளைகள் எல்லாம். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். அந்தக் கணக்கை அந்த நான்கு உள்ளங்கைகள்தான் தீர்க்க வேண்டும்.

இனி, வாங்கப் போகிறவர்களுக்குச் சில கணக்குகள். வியாபாரிகளுக்கு இலக்கம் பயமல்ல என்பதால் எழுதுகின்றேன்.

டயரின் பக்கத்தில் 195/65 ஆர் 15 என்று எழுதியிருந்தால், 195 என்பது அகலம் மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தின் 65 வீதம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் அங்குலம். அதைத் தொடர்ந்து 91வி என்பது போல ஓர் இலக்கமும் எழுத்தும் வரும். பெரும்பாலானோர் வாசிக்காமல் விடுவது இதைத்தான். 91 என்றால் அந்த ஒரு டயர் 615 கிலோ சுமக்கும். 'வி' என்றால் மணிக்கு 240 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும். 'எச்' 210, 'டி' 190.

இப்போது மகனின் செட்டுக்கு வருவோம். அது 215/45 ஆர் 17. அதன் சுமை இலக்கம் 87. அதாவது 545 கிலோ. எங்கள் காரின் கதவடியில் ஒட்டியிருந்த லேபலில் இருந்தது 91. ஒரு டயருக்கு 70 கிலோ குறைவு, நான்குக்கும் 280 கிலோ குறைவு. டயர் அகலமாகிவிட்டது, பலமும் கூடியிருக்கும் என்று நினைத்தோம். பலம் குறைந்திருந்தது. அதே அளவில் 'எக்ஸ்எல்' என்று எழுதிய பலப்படுத்திய டயர் 91 இலக்கத்தில் கிடைக்கும். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. சில கார்களுக்குக் கம்பனியே 17 அங்குலமும் 87 இலக்கமும் போட்டு அனுப்புவதுண்டு. அது அந்தக் காரின் கணக்கு. உங்கள் காரின் கணக்கு உங்கள் கதவடி லேபலில் இருக்கின்றது.

அடுத்தது பக்கச் சுவர். பழைய டயரில் அது 127 மில்லிமீற்றர். 17 அங்குலத்தில் 97. மூன்று சென்ரிமீற்றர் குறைவு. குழியில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவருக்குள் இருக்கும் காற்றுத்தான். அது குறைந்தால் அடி நேரே ரிம்முக்கும், அங்கிருந்து ஷொக் அப்சோபருக்கும், இறுதியில் உங்கள் முதுகுக்கும் போகும். ரயில் கடவையில் எங்கள் ரிம் வளைந்ததன் காரணம் இதுதான். சில வேளை ரிம் வளையாது, டயரின் பக்கத்தில் முட்டை போல ஒரு வீக்கம் கிளம்பும். அப்படியொன்றைக் கண்டால் அந்த டயரில் ஊர் எல்லையைக்கூடத் தாண்டாதீர்கள். உள்ளே நூல் அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். பெச் போட்டுச் சரிசெய்ய முடியாது.

ரிம் பெரிதாக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு படி போதும். 195/65 ஆர் 15 டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 634 மில்லிமீற்றர். 205/55 ஆர் 16 டயரின் உயரம் 632. வித்தியாசம் அரை வீதத்துக்கும் குறைவு. ஸ்பீடோமீற்றர் பொய் சொல்லாது. சுமை இலக்கமும் அதே 91 இல் கிடைக்கும். பக்கச் சுவரில் குறைவது ஒன்றரை சென்ரிமீற்றர் மட்டும். பார்வைக்கும் மாற்றம் தெரியும். இளைஞர்களோடு சண்டை பிடிக்காமல் ஒரு சமாதானத்துக்கு வர இந்த அளவு நல்ல வழி.

ரிம் விடயத்தில் 'துளை பொருந்துகிறது, ஆகவே ரிம் பொருந்துகிறது' என்று நினைப்பது பெரிய ஏமாற்று. நட் துளைகள் அமைந்த வட்டத்தின் அளவு காருக்குக் கார் வேறு. பழைய பிரியஸ்கள் பலவற்றுக்கு ஐந்து துளை, 100 மில்லிமீற்றர். வெசலுக்கு ஐந்து துளை, 114.3. பழைய விட்ஸ், ஃபிட் போன்ற சிறிய கார்களுக்கு நான்கு துளை, 100. இதைக் கடைக்காரர் பார்த்துவிடுவார். அவர் சொல்லாமல் விடக்கூடியவை வேறு மூன்று.

ஒன்று, ரிம்மின் நடுத்துளை. காரின் ஹப் அதில் இறுக்கமாக உட்கார வேண்டும். வெளியே செய்த ரிம்களில் பல கார்களுக்கும் பொருந்த வேண்டுமென்று நடுத்துளையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். இடைவெளிக்கு ஒரு வளையம் போட வேண்டும். பெறுமதி சொற்பம். அதைப் போடாவிட்டால் 80 ஐத் தாண்டியவுடன் ஸ்டீயரிங் ஆடத் தொடங்கலாம். பலன்ஸ் செய்து செய்து காசு போகும், ஆட்டம் போகாது.

இரண்டு, நட். ஹொண்டாவின் கம்பனி நட்டின் அடி உருண்டை. வெளி ரிம்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது கூம்பு நட். டொயோட்டாவின் கம்பனி அலோய் ரிம்கள் பலவற்றுக்கு வருவது தட்டையான வொஷர் நட். ஒன்றை மற்றதற்குப் போட்டாலும் இறுகியது போலத்தான் தெரியும். ஆனால் முழுதாக உட்காராது, ஓட ஓடத் தளரும். ரிம் மாற்றிய எவரும் ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடிய பின் நட்டை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

மூன்று, 'ஓஃப்செட்'. ரிம்மின் உட்புறத்தில் ஈடி 45, ஈடி 38 என்று எழுதியிருக்கும். இலக்கம் குறையக் குறைய சில்லு வெளியே தள்ளிக்கொண்டு வரும். தனியாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. குடும்பம் முழுவதும் ஏறி உட்கார்ந்தால் மட்காட்டில் உராயும். பெயரிங்குக்கும் பாரம் கூடும். கம்பனி இலக்கத்தை விட்டு அதிகம் விலகாதீர்கள்.

ஜப்பான் ரிம் என்று சொல்லி விற்பதில் 'ஜேடபிள்யூஎல்' என்ற குறி இருக்கின்றதா, அதோடு 'வீஐஏ' என்ற குறியும் இருக்கின்றதா என்று பாருங்கள். முதலாவது, அந்நாட்டுத் தரத்துக்கு ஏற்பச் செய்தோம் என்று உற்பத்தியாளர் தானே இடுவது. இரண்டாவது, வெளியே பரிசோதித்துப் பதிவு செய்ததைக் காட்டுவது. கொப்பி அடிப்பவர் குறியையும் கொப்பி அடிக்கலாம். ஆகவே அறிந்த கடையில் வாங்குவது எல்லாவற்றிலும் மேல். ஒட்டிப் பற்றவைத்த ரிம்மை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். புதிய வர்ணம் பூசியிருந்தால் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், விரலுக்குத் தெரியும்.

டயரைத் தெரிவு செய்யும்போது இன்னுமொரு வரி உண்டு. 'ட்ரெட்வெயார்' என்று ஓர் இலக்கம். 200, 300 என்றால் மென்மையான இறப்பர், பிடிப்புக் கூட இருக்கும், கெதியில் தேயும். 500 என்றால் நீண்ட காலம் ஓடும், பிடிப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருப்பார்கள். இதைக் கம்பனிகள் தாமே இடுவதால், ஒரே கம்பனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் பாவியுங்கள். அதன் பக்கத்தில் 'ட்ரக்ஷன்' என்று 'ஏஏ', 'ஏ', 'பி', 'சி' என ஓர் எழுத்து இருக்கும். அது ஈரப் பாதையில் நேராக பிரேக் பிடித்துப் பார்த்த பரிசோதனை. என்னைக் கேட்டால், மாதம் இரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடும் வியாபாரிக்கு 300, 400 இலக்கமும் 'ஏ'க்குக் குறையாத எழுத்தும் போதும். 'டபிள்யூ', 'வை' என்ற வேக எழுத்துக்கு மேலதிகக் காசு கொடுப்பது வீண். எங்கள் அதிவேகப் பாதையின் எல்லையே 100 கிலோமீற்றர்.

அதிவேகப் பாதையைச் சொன்னதால் ஒரு வார்த்தை. 2011 இல் கொட்டாவையிலிருந்து காலி வரை தெற்குப் பாதை திறக்கப்பட்டதிலிருந்து எங்கள் பயணம் மாறிவிட்டது. முன்பு மணிக்கு நாற்பதில் நின்று நின்று போன கார், இப்போது ஒரு மணித்தியாலம் நூறில் நிற்காமல் ஓடுகிறது. காற்றுக் குறைந்த டயர் அந்த வேகத்தில் மடிந்து மடிந்து சூடேறும். வெடிப்பது அப்படித்தான். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் பாருங்கள். எத்தனை என்பது கதவடியில் இருக்கின்றது. டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு, அதை நிரப்பக் கூடாது. நைதரசன் நிரப்பினால் பார்க்கத் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 வீதம் நைதரசன்தான். பார்க்கத்தான் வேண்டும்.

காரைப் பற்றியே எழுதுகிறேன், வேன் வைத்திருப்பவர்கள் எங்களில் அதிகம் என்பதையும் மறக்கவில்லை. விநியோக வேனுக்கு 195 ஆர் 15 'சி' என்ற டயர் 106 சுமை இலக்கத்தில் கிடைக்கும், அதாவது 950 கிலோ. அதே 195 அகலத்தில் கார் டயர் 615 கிலோதான். விலை குறைவென்று கார் டயரை வேனுக்குப் போட்டு அதில் சீனி மூட்டை ஏற்றுபவர் சாரதியின் உயிரோடு வியாபாரம் செய்கின்றார். சம்பளத்துக்கு ஓடும் அந்தப் பிள்ளைக்கு 'இந்த டயரில் போகமாட்டேன்' என்று சொல்லும் வசதி இல்லை. அந்தப் பொறுப்பு முதலாளியுடையது.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 ஆரம்பத்தில்தான். இடையில் 2022 இல் ரூபாயும் விழுந்தது. அந்தக் காலத்தில் இருந்த காரையே அலங்கரித்துக்கொள்ளும் பழக்கம் வளர்ந்தது. அதே நேரம் டயரின் விலை ஏற, ஏற, பாவித்த டயரைத் தேடும் பழக்கமும் வளர்ந்தது. இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நான் கடுகண்ணாவயில் பார்த்துவிட்டேன்.

இனி டயர் வியாபாரத்தில் இருக்கும் எமது சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் விற்கும் ஒவ்வொரு டயரின் அந்த நான்கு இலக்கங்களையும் பில்லில் எழுதுங்கள். புதியதோ, பாவித்ததோ, எழுதுங்கள். குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். "எழுதினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார்" என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். போவார்கள், சிலர். நான் சீமெந்து மூட்டையின் திகதியை வாடிக்கையாளருக்குக் காட்டத் தொடங்கியபோதும் சிலர் போனார்கள். மேசன்மார் திரும்பி வந்தார்கள். கட்டிய சுவர் வெடித்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களல்லவா? டயர் வாங்குபவரும் அப்படித்தான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர் ஒருமுறை உண்மையைக் கேட்டால், அடுத்த முறையும் அந்த வாசலுக்கே வருவார்.

வாங்குபவர்களும் தமது பங்கைச் செய்ய வேண்டும். பில்லில் எழுதாவிட்டால் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுத மறுத்தால் காசை மீண்டும் பையில் வையுங்கள். நான்கும் மாற்ற வசதியில்லை, இரண்டுதான் முடியும் என்றால் புதிய இரண்டையும் பின்னுக்குப் போடுங்கள். முன்னுக்குப் போடவே எல்லோருக்கும் மனம் வரும். ஆனால் மழையில் முன் டயர் வழுக்கினால் கார் நேரே போகும், வேகத்தைக் குறைத்தால் பிடி கிடைக்கும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும், நம்மைப் போன்றவர்களால் அதைத் திருப்ப முடியாது. வெட்டுகளுக்கு இடையே சிறிய மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அதன் வாழ்நாள் முடிந்தது. மழைப் பிரதேசத்தில் இருப்பவர் அதுவரை காத்திருக்கவும் கூடாது. ரிம்மின் அளவை மாற்றினால் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

எங்கள் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். 17 அங்குல ரிம்களை விற்றோம். வந்த காசோடு கொஞ்சம் சேர்த்து, பாரம் குறைந்த 16 அங்குல ரிம் நான்கும், செய்து ஆறு மாதமேயான புது டயர் நான்கும் போட்டோம். இந்தத் தடவை பெரிய பங்கு டயருக்குப் போனது. வீல் அலைன்மென்டும் செய்தோம். அடுத்த மழையில் அதே வளைவில் மகன் வேண்டுமென்றே மெதுவாக பிரேக் பிடித்துப் பார்த்தான். கார் நின்றது. "வாப்பா, இது வேற கார் மாதிரி" என்றான். கார் அதேதான் மகன், காசு போன இடம்தான் வேறு என்றேன்.

அந்த நான்கு பழைய டயர்களை நாங்கள் விற்கவில்லை. வாங்க ஆட்கள் வந்தார்கள், நல்ல விலையும் சொன்னார்கள். மூன்றை வெட்டிப் போட்டோம். ஒன்று இன்னும் என் கடையில் சீமெந்து அடுக்கியிருக்கும் இடத்தில் சாய்ந்து நிற்கின்றது. வருபவர்கள் "நல்ல டயராச்சே, ஏன் சும்மா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. இலக்கத்தை வாசிக்கச் சொல்வேன். வாசித்தவர்களில் பலர் நேரே வெளியே போய்த் தமது வாகனத்தருகே குனிவதை நான் கல்லாவிலிருந்து பார்த்திருக்கின்றேன்.